எழிலரசி மூன்றாம் நடைமேடைக்கு வரவும்

பேருந்து நிலையத்தில் நான் வாயைத் திறந்தால் நூறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். வீட்டில் நான் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அறிவிப்பாளர் பிழைப்பு அப்படி. மகளின் பெயர் விஷயத்திலாவது என் அனுபவத்துக்கு மரியாதை கிடைக்கும் என்று நினைத்தேன். நினைப்புதான்.

பெயரில் சண்டை இல்லை. எழிலரசி. வீட்டில் எல்லோரும் ஒரே மனதாகச் சொன்ன பழைய பெயர். அதை ஆங்கில எழுத்தில் எப்படிப் பதிவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. ‘ழ’வுக்கு இசட்டும் எச்சும் போட வேண்டும் என்றாள் மனைவி. பேசாமல் ஒரு எல் போட்டால் எவனும் சுலபமாகப் படிப்பான் என்றேன் நான். மாமனார் காலமெல்லாம் தையல்காரராக இருந்தவர். எந்த எழுத்து என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. தாராளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“ஏ, ஐ எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாப் போடுங்க மாப்பிள்ளை. வளர்ற குழந்தை. கொஞ்சம் கூடவே விட்டு வைக்கணும். பெரிசா இருந்தா உள்ளே மடிச்சுத் தைச்சுக்கலாம்.”

“பேரை எப்படிப்பா மடிச்சுத் தைப்பீங்க?” என்ற மனைவி என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்ற மாதிரி எல் போட்டா எலியரசி ஆயிடுவா.”

எனக்குச் சுருக்கென்றது. மைக் பிடித்தே தலை நரைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

“இசட் எச்சைப் பார்த்தா மைக்ல எவனும் வாயே திறக்க மாட்டான். கஷ்டமான பேர் வந்தா எங்க ஆளுங்க பேரையே விட்டுடுவாங்க. ‘பதினாலாம் சீட் பயணி’ன்னு கூப்பிட்டு வேலையை முடிச்சுடுவாங்க, தெரியுமா?” என்றேன், பெரிய தொழில் ரகசியத்தை உடைப்பவன்போல.

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

“தெரியும். முதல் இண்டர்வியூவுக்குப் போனப்ப என் பேரையும் அப்படித்தான் விட்டாங்க. ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க. ஹால் காலியாகற வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில பெருக்க வந்தவங்க சொல்லித்தான் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுது. என் பொண்ணு அப்படி உட்காரக் கூடாது.”

“அதுக்குத்தானே எல்லுன்னு சொல்றேன்.”

“கூப்பிடணுங்கிறதுக்காக அவ பேரை வெட்டிக் கொடுக்கச் சொல்றீங்க. நான் முழுசாத்தான் கொடுப்பேன்.”

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாள் மதியம் பதிவு அலுவலகம் போவதற்குள் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். குழந்தையோடு நிலையத்துக்கே வந்துவிடுகிறேன், அங்கிருந்து போகலாம் என்றாள்.

அறிவிப்பு அறையில் என்னோடு இருப்பவரை வெண்கலம் என்போம். குரல் அப்படி. வெளி மாநிலத்துக்காரர். தமிழ் ஏதோ பேசுவார், ஆங்கில எழுத்து மட்டும்தான் படிக்கத் தெரியும். சோதனைக்கு இவரை விட்டால் ஆள் ஏது? மூன்று விதமாகவும் எழுதி மூன்று சீட்டுகளை அவரிடம் நீட்டினேன்.

“சும்மா படிச்சுக் காட்டுங்க. எப்படி வருதுன்னு பார்க்கணும்.”

அங்கேதான் கோட்டை விட்டேன். கண் காகிதத்துக்குப் போனால் அவருடைய கட்டைவிரல் தானாக மைக் பொத்தானுக்குப் போய்விடும். பெயரை மட்டும் தனியாகப் படிக்கவும் அவருக்கு வராது.

“பயணி எலிலராசி, உடனடியாக மூன்றாம் நடைமேடைக்கு வரவும்.”

கண்ணாடிக்கு வெளியே மொத்தக் கூட்டமும் நிமிர்ந்தது. பதறிப்போய்க் கையை ஆட்டினேன். இன்னும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு மாமனாரின் சீட்டைப் பிரித்தார்.

“பயணி எலீலா... லாராசீ,” மூச்சு வாங்கினார், “உடனடியாக மூன்றாம் நடைமேடைக்கு வரவும்.”

மூன்றாவது சீட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம் அது. அடுத்து சீட் நம்பர்தான் வரும். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நம்பர் ஏதும் இல்லை. வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமினார்.

“பயணி எஸ்... எஸ்ஹி... எஷிலரசி! உடனடியாக...”

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தோளில் குழந்தையோடு மனைவி.

“கூப்பிட்டீங்களே, வந்துட்டோம்” என்றாள்.

நான் பேந்தப் பேந்த விழிக்கும்போதே மூன்றாம் நடைமேடை ஓட்டுநர் ஓடி வந்தார்.

“மூணு பேர் வரணும்னு கூப்பிட்டீங்க, ஒருத்தரையும் காணோம். ஏறினவங்க எல்லாம் கத்தறாங்க. ஆளை விட்டுட்டு நான் எப்படிங்க வண்டியை எடுக்கறது?”

வெண்கலம் குழந்தையைக் காட்டினார். “மூணு பேரும் வந்தாச்சு.”

ஓட்டுநர் குழந்தையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

“இவளுக்காக ஒரு பஸ்ஸே நின்னிருக்கு. எனக்கு அன்னிக்கு யாராவது இவர் மாதிரி முக்கி முனகியாவது கூப்பிட்டிருந்தாப் போதுமே. எழுந்து போயிருப்பேனே.”

என்னுடைய எல் சீட்டை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மாமனாருக்கு போனில் சொன்னபோது, ஓரத்தில் ஒரு எழுத்தாவது விட்டு வைக்கக் கூடாதா என்று அங்கலாய்த்தார்.

இசட், எச் என்றே பதிந்தோம். சான்றிதழ் தயாரானதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உட்கார வைத்தார்கள். பலரையும் கூப்பிட்டுக்கொண்டே வந்த எழுத்தர் ஒரு தாளைக் கையில் எடுத்தார். வாய் பாதி திறந்தது, மூடிக்கொண்டது. அதே மௌனம். தாளை அடுக்கின் அடியில் வைக்கப்போனார்.

மனைவி எழுந்து நின்றாள்.

“அது எங்க பொண்ணு பேரு சார். சொல்லிப் பாருங்க. அவசரமில்ல, நிக்கறோம்.”

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னார். தப்பாகத்தான் சொன்னார். மூன்று பேரும் போய் வாங்கிக்கொண்டோம்.