அஞ்சு முடிச்சும் ஒரு முன்பாயும்

வீட்டில் வைத்த செல்லப்பெயர் பூட்டு. வயது இருபத்து மூன்று. இருப்பிடம், வீட்டைவிட்டு வெகுதூரத்தில் ஒரு படகுத்துறைக்குப் பின்னால், பெயின்ட் கிடங்குக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், மறுபடி ஓடிவந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்ப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

எட்டு மாதமாக அவனுக்குப் படகின் அடிவயிறுதான் உலகம். கரையேற்றி முட்டுக்கொடுத்த படகுகளின் அடியில் மல்லாந்து கிடந்து சிப்பி சுரண்டுவான், பெயின்ட் அடிப்பான். பெருங்காற்று வருகிறது என்றால் கயிறு போட்டுக் கட்டுவான். அவன் கட்டிய படகு அசைந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் மிதக்கிற படகில் ஒருநாளும் ஏறியதில்லை. "என்ன மாப்ள, கப்பலுக்கு இன்னும் முதுகுதான் தேய்ச்சு விடுறியா?" என்று அத்தான் போனில் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்புவான்.

அப்படியிருக்க, சின்னப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கும் பல் டாக்டர் அக்கா ஒருநாள் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை என்கூட வர்றியா? மலைமுனை வரைக்கும் போய்ட்டு வருவோம். உன் வேலை புடிச்சிருந்தா இந்த சீசன் முழுக்க நீதான் என் படகுக்கு ஆளு."

அவனுக்கு மூன்று நாள் தூக்கம் போனது.

இதுவரை அக்காவுக்கு ஆளாக இருந்தவர் அவருடைய கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். கடலைக் கண்டாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறியதும் அவன் காதைக் கடித்தார்: "தம்பி, நீ பாஸானாதான் எனக்கு விடுதலை. சொதப்பிடாத ராசா."

துறையின் வாய் தாண்டியதும் பெரிய பாயும், அதற்கு முன்னால் சின்னதாக முன்பாயும் ஏறின. அக்கா இன்ஜினை அணைத்தார். அடேயப்பா, அந்த அமைதி! வெயில் தண்ணீரில் சில்லறை இறைத்தது. அவன் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய அடிப்பாகம் கடலை வழுக்கிக்கொண்டு போவது உள்ளங்காலில் தெரிந்தது. முதுகு தேய்த்தது இதற்குத்தானா! அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கரையோரமாகவே போனார்கள். மதியம் நெருங்கக் காற்று வலுத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. கணவர் முகம் வெளுத்து, சாப்பாட்டுக் கூடையைக் கைக்குழந்தைபோல் கட்டிக்கொண்டார்.

"முன்பாய்க் கயித்தை உருளைல மூணு சுத்து சுத்து. அது போதும், நிக்கும்" என்றார் அக்கா.

சுற்றினான். போதும்தான். ஆனால் கை கேட்கவில்லை. பக்கத்திலிருந்த இரும்புக் கொக்கியில் ஒரு முடிச்சு போட்டது. அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னும் சில. மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். ஆஹா, அசையவில்லை.

மலைமுனை வந்தது. "திரும்பறோம்! கயித்தை விடு!" என்று அக்கா சுக்கானைத் தள்ளினார்.

அவன் இழுத்தான். கயிறா அது, கல்!

"தம்பி, ஹேண்ட் பிரேக்கை எடு! ஹேண்ட் பிரேக்!" கணவர் அலறினார்.

படகு திரும்பிவிட்டது. முன்பாய் மட்டும் பழைய பக்கமே மாட்டிக்கொண்டு, காற்றில் உள்பக்கமாகப் புடைத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் ஆகவில்லை. சாய்ந்திருந்த படகு நிமிர்ந்தது. ஓட்டம் நின்றது. தொட்டில் மாதிரி மெல்ல ஆடியது. அக்கா சுக்கானை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு அவனைப் பார்த்தார்.

"எத்தனை முடிச்சு?"

"ரெண்டு... இல்லக்கா, அஞ்சு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி! நடுக்கடல்ல படகை நிறுத்தி வைக்க இப்படித்தான், முன்பாயை விடாம திருப்புவாங்க. நான் இதைக் கத்துக்க ரெண்டு வருஷம் ஆச்சு. நீ பயந்தே பண்ணிட்டியே!"

"இத்தனை வருஷமா இப்படி நிறுத்த முடியும்னு என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கணவர் கேட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. முதல்முறையாகப் படகில் கூடையைத் திறந்தார். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ. மூவரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

"சரி, இப்ப முடிச்சை அவுத்து விடு" என்றார் அக்கா.

நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்தான்.

"ஏய், பல்லை எடு! அப்புறம் ஞாயித்துக்கிழமையும் நான் கிளினிக்கைத் திறக்கணும்!"

அக்கா படகைக் கொஞ்சம் திருப்பிக் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தார். ஐந்தையும் அவிழ்த்தான். பாய் சடசடத்து மறுபக்கம் போனது. அங்கிருந்த கயிற்றை மூன்றே சுற்று சுற்றினான். கை நமநமவென்று அரித்தது. முடிச்சு போடவில்லை. கயிற்றின் நுனியை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காற்று ஏறினால் கயிறு சொன்னது, இறங்கினாலும் சொன்னது.

"என்ன, இழுத்துப் பாக்கலையா?" அக்கா சீண்டினார்.

"கையிலதானேக்கா இருக்கு."

அப்படியே துறைக்குத் திரும்பினார்கள். படகைக் கட்டி முடித்ததும் அக்கா சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி. லேட்டா வந்தா விட்டுட்டுப் போய்டுவேன்."

"அப்ப நான்?" என்றார் கணவர்.

"வீட்ல தூங்குங்க."

அவர் அவனைக் கட்டிப்பிடித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "முட்டையும் டீயும் உண்டுன்னா நானும் வரேன். ஆனா தம்பி அந்த முடிச்சைப் போடணும்."

இந்தக் கடிதத்தை வீட்டில் முதலில் படிப்பது யாராக இருந்தாலும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். முதுகு தேய்த்த கப்பலிலேயே ஏறிவிட்டான் என்று அத்தானிடமும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தயவுசெய்து யாரும் போன் பண்ணாதீர்கள். என் கையில் கயிறு இருக்கும்.