காற்றடித்த சட்டை

நான் அலமாரி செய்கிறவன். எங்கள் பட்டறையில் மணி ஆறானால் கம்ப்ரஸர் குழாயை எடுத்து, ஒருத்தர் மேல் ஒருத்தர் காற்றடித்து மரத்தூளைப் பறக்கவிடுவோம். சட்டை புதுசு மாதிரி ஆகிவிடும். இந்தச் சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

வீட்டு வாசலிலேயே என் வாலு மகள் ஓடிவருவாள். ஐந்து வயது. இடுப்பில் ஏறி, சட்டையில் முகத்தைத் தேய்த்துக்கொள்வாள்.

அவளுக்கு மூச்சிளைப்பு வந்தபோது டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தேன். சிகரெட்டை விட்டேன். விட்ட முதல் வாரம் நான் மனுஷனாகவே பேசவில்லை என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். கம்பளத்தைத் தூக்கிப் போட்டேன். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி, வாராவாரம் தலையணை உறைக்கு வெந்நீர். அப்படியும் பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது.

மூன்றாவது தடவை போனபோதுதான் டாக்டர் கேட்டார்: "வேலை முடிஞ்சதும் மேல இருக்கிற தூசியை எப்படி எடுப்பீங்க?"

பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியற தூள்தான் பறந்து போகும். மாவு மாதிரி இருக்கே, அது துணிக்குள்ள இன்னும் ஆழமாப் போய் உக்காந்துக்கும். மிச்சத்தை நீங்களே மூச்சுல இழுத்துக்கறீங்க. பாப்பா அந்தச் சட்டையிலதான் மூஞ்சியைத் தேய்க்கறா."

வேலியே பயிரை மேய்ந்த கதை. பிள்ளையைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் வைத்திருங்கள், இளைப்பே இல்லாமல் முழுசாக ஒரு மாதம் போகட்டும், அப்புறம் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள் என்றார். மனைவி பிள்ளையோடு தன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை சளி பிடித்து இளைப்பு வந்துவிட்டது. இரண்டு தடவையும் நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

இப்போது மாஸ்க் போட்டுத்தான் மரம் தேய்க்கிறேன். தூளை உறிஞ்சும் மெஷினால் எடுக்கிறேன். பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.

"என்ன, பொண்ணு பாக்கப் போறியா?" என்று பாலிஷ்காரர் கிண்டலடித்தார்.

"ஆமாண்ணே, என் பொண்ணைத்தான்" என்றேன். மறுநாள் அவரும் காற்றுக் குழாயைத் தொடவில்லை.

வீட்டில் தரை பளபளக்கிறது. அழுக்காக்க ஆளில்லாத தரை வேறென்ன செய்யும்? கதவைத் திறந்ததும் யாரோ ஓடிவரப் போவதுபோல ஒரு நொடி நின்றுவிடுகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் இல்லாமல் அந்த வீட்டுக்குள் எனக்குக் கால் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். ஓடிவந்தவள் இரண்டு கை தூரத்தில் சட்டென்று நின்றாள். பையிலிருந்து சின்ன மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"யாருடா செல்லம் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ வந்தா போட்டுக்கணும்ல?"

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா குளிச்சிட்டேன்டா. இது வேலைக்குப் போட்ட சட்டையும் இல்ல."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையாட்டிய பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பப்பா நம்ம வீட்டுக்கு?"

"இன்னும் இருபத்தாறு நாள்."

விரல்களை மடக்கிப் பார்த்தாள். பத்தோடு தீர்ந்துவிட்டது. என் விரல்களையும் பிடித்து மடக்கினாள், அப்போதும் போதவில்லை.

"இன்னைக்கு நாள் முடிஞ்சிடுச்சாப்பா?"

காலை பத்து மணிகூட ஆகியிருக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.