கிரவுன் பினியனுக்குப் பூக் கேட்டவர்கள்

எங்கள் நல்லூர் வீதிக்காரர்கள் கல்யாணத்துக்குச் சாமியிடம் பூக் கேட்டிருக்கிறார்கள், போர்வெல்லுக்குக் கேட்டிருக்கிறார்கள். வண்டியின் பின்னச்சுக்குள் எந்தப் பல்சக்கரம் போடுவது என்று முருகனிடம் போய்க் கேட்டவர் எதிர்வீட்டுச் செல்வக்குமார் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு கேஸ் பிக்கப், அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர். ஒரு பனியன் கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு நிட்டிங் மெஷின்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் பிழைப்பு. மனைவி கலைமகளின் தம்பி கன்னையன் கூடவே போவான். மேடு வந்தால் இறங்கி, முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலை வெளியே எடுப்பது அவனவன் சாமர்த்தியம்.

போன வாரம் ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறி நின்று, மெஷினோடு பின்னால் வந்துவிட்டது. கன்னையன் கட்டையைப் போட்டான். செருப்பு சக்கரத்துக்கு அடியில் போனது, கால் மட்டும் தப்பியது. நசுங்கிய அந்தச் செருப்பைக் கலைமகள் குப்பையில் போடவில்லை. புருஷன் தினமும் தாண்டிப் போகிற வாசற்படியில் வைத்தாள். வீதியே வந்து பார்த்தது. நான் இரண்டு முறை பார்த்தேன்.

அந்த உலுக்கலில் பின்னச்சுக்குள் இருக்கும் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தின் பல் உடைந்திருந்தது. வீதிமுனைப் பட்டறைக்காரர் ஞானசம்பந்தம் கிரவுனும் அதைச் சுற்றும் பினியனுமாக இரண்டு ஜோடிகளை எடுத்துப் பலகையில் வைத்தார். மளிகைக் கடைக்குப் போகிற வழி என்பதால் பேச்சு என் காதிலும் விழுந்தது. கடைக்கு வேறு வழியும் உண்டு, அது இருக்கட்டும்.

"இது லோடு கிரவுனுங்க. மேட்டுல நின்னாலும் மறுபடி எடுக்கும். ஆனா ரோட்டுல வேகம் வராது, கேஸும் சேத்திக் குடிக்கும். இந்தா, இது ஓட்டக் கிரவுனுங்க. சமதளத்துல பறக்கும். மேட்டுல நின்னுதுன்னா அப்பறம் நானு பொறுப்பில்லீங்க. கேஸ் வண்டி டீசல் வண்டியாட்டம் அடியிலிருந்து இழுக்காதுங்க."

"ஓட்டக் கிரவுனே போடுங்க" என்றார் செல்வக்குமார்.

"அதெப்படிங்க போடுவாங்க?" என்று கலைமகள் முன்னால் வந்தாள்.

"வாரப்ப டிரெய்லர் காலிதான? மூலனூர்ல முருங்கக்கா ஏத்துனா நேரத்துக்குக் கொண்டாந்து சேக்கோணும். மாட்டு வண்டியாட்டம் உருட்டிட்டு வரச் சொல்றயா?"

"முருங்கக்கா போனா அடுத்த வருசமும் காய்க்குமுங்க. எந்தம்பிக்குக் காலு காய்க்காது."

"மாப்ளயே ஒண்ணும் சொல்லுல. நீ எதுக்குப் புள்ள கெடந்து குதிக்கற?"

கன்னையன் தன் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா சொன்னாச் செரிதானுங்க" என்றான்.

பொண்டாட்டி சொல்லி ஒரு கிரவுனை மாட்டினார் என்று வண்டி ஸ்டாண்டில் பேச்சு வந்தால் செல்வக்குமாரின் மீசை என்ன ஆவது? கடைசியில் அவரே சொன்னார்: "சாமிகிட்டயே கேட்டர்லாம்."

பொட்டலத்துக்கு ஒரு நிறப் பூவாக இரண்டு மடித்துச் சாமி முன் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை அரளி வந்தால் லோடு கிரவுன், செவ்வரளி வந்தால் ஓட்டக் கிரவுன். பட்டறையிலிருந்து காக்கிச் சட்டையோடு அப்படியே கோயிலுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

"பொட்டணத்த நாந்தான் மடிப்பேன். உன்ற கைய நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுச் செல்வக்குமார் பூவும் காகிதமுமாகத் தூணுக்குப் பின்னால் போனார்.

கலைமகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, ரெண்டுலயும் செவப்பத்தான் வெப்பாருங்க."

எனக்கும் சந்தேகமில்லை. கல்யாண வீடுகளில் அவர் சீட்டுக் கலைக்கும் அழகைப் பார்த்தவள் நான்.

இரண்டு பொட்டலங்களும் சாமி காலடியில் வைக்கப்பட்டன. கும்பிட வந்திருந்த குடும்பத்தின் சின்னப் பெண் ஒருத்தி இதைத் தொட்டாள், அதைத் தொட்டாள், பிறகு முதலில் தொட்டதையே எடுத்தாள். பூசாரி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். கலைமகளின் நகம் என் கையில் இறங்கியது. கன்னையன் கண்ணை மூடிக்கொண்டான்.

வெள்ளை.

கலைமகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "சாமியே சொல்லிப்போட்டா அப்பறம் என்ன பேச்சு" என்று தோற்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, செல்வக்குமார் மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் திணித்தார். அத்தனை வேகம் எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை.

லோடு கிரவுன் மாட்டி, மறுநாளே நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு கம்பெனிக்கு மெஷின் ஏற்றினார்கள். கலைமகள் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தாள், நான் அவள் பின்னால்.

மேம்பாலத்து ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் முன்னால் போன டவுன் பஸ் நின்றது. செல்வக்குமாரும் நிறுத்த வேண்டியதாயிற்று. அதே மேடு, ஏறக்குறைய அதே இடம். கன்னையன் கட்டையைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே குனிந்து நின்றான். பின்னால் லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

பஸ் நகர்ந்தது. பிக்கப் உறுமியது. டிரெய்லர் முன்னால் போகாமல் ஒரு விரற்கடை பின்னால் வந்து கட்டையில் ஏறி நசுக்கியது. கட்டை கிறீச்சிட்டது.

"கன்னையா, கால எடுடா!" கலைமகளின் கத்தல் ஹாரனையும் தாண்டிப் போனது.

அவன் எடுக்கவில்லை. கட்டை நழுவாமல் இருக்கக் குதிகாலால் முட்டுக்கொடுத்திருந்தான். மேலே கயிற்றில் மெஷின் ஒரு முறை முனகியது. பிறகு சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கீற்றாக, அப்புறம் கையகலமாக. வண்டி ஊர்ந்தது. ஊர்ந்தே உச்சிக்குப் போனது.

பாலம் இறங்கியதும் டீக்கடையில் நிறுத்தினார்கள். முகம் துடைக்கச் செல்வக்குமார் பையிலிருந்து கர்ச்சீப்பை இழுக்க, கூடவே பொட்டலமும் வந்து கன்னையன் காலடியில் விழுந்தது. அவன் எடுத்துப் பிரித்தான்.

"மாமா, இதும் வெள்ளதானுங்க."

டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்தினார். செல்வக்குமார் டம்ளருக்குள்ளேயே பார்த்தார்.

"செவப்புத்தான் மடிச்சேன்" என்றார். "சாயம் போயிருக்கும்."

இத்தனை சாயப்பட்டறை உள்ள ஊரில் ஒரு மனுஷன் வாய் கூசாமல் சொன்னார்.

கலைமகள் சிரிக்கவில்லை. வாடிய பூவை வாங்கி, வண்டிக்குள் முருகன் படத்தடியில் வைத்தாள். "ஆமாங்க. வேர்வை பட்டுப் போயிருக்கும்" என்றாள்.

சாயங்காலம் அவர்கள் வாசற்படியில் அந்தச் செருப்பு இல்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.