ஏரி குடிவந்த வீடு

சாரம் பகுதியில் இருக்கிற புருஷோத்தமன் வீட்டுக் கூடத்துக்கு ஊசுட்டேரி குடிவந்தது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பாண்லே பால் பாக்கெட் வாசலில் விழுந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம். ஏரி முழுதும் வரவில்லை. ஒரு கூடமும் ஒரு சமையலறையும் கொள்ளுகிற அளவுக்கு ஒரு பங்குதான் வந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்ற அந்தத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டித் தெருவில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, சுவரில் ஓதம் ஏற்றவில்லை. ஆனால் காலை வைத்தால் கால் நனைந்தது, விரலிடுக்கில் சேறு ஏறியது, ஃபிரிட்ஜ் அன்றைக்கே உயிரை விட்டது. டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் கெண்டைக்குஞ்சுகள் திரிந்தன. பூஜை அறை வாசலில் ஏரியில் நீந்துகிற நாமக்கோழி ஒன்று, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நின்றது. பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம் என்பதால் அதை விரட்ட யாருக்கும் கை வரவில்லை. தண்ணீருக்கு முன்னால், வீடு பார்த்துக் கொடுக்கிற தரகரைப் போல, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் ஆமை வந்திருந்தது. அதன் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. பல் துலக்கிக்கொண்டிருந்த புருஷோத்தமன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆமை எது என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய மகள் அபிக்கு ஏழு வயது இருக்கும்போது, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவர்தான் அதை வாங்கிக் கொடுத்தார். அப்போது அது ஐந்து ரூபாய்க் காசு அளவு. அபி அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, சோற்றுப் பருக்கையைக் குச்சியில் குத்தி ஊட்டினாள். பக்கத்து வீட்டு செல்வாம்பாள் எட்டிப் பார்த்து, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். ஒரு தடவை போதுமானதாக இருந்தது. புருஷோத்தமன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தை வீடு வீடாக எடுத்துப்போய் விற்பவர், சரக்கில் பெரும்பங்கைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். அந்த மாதம் அவர் ஸ்கூட்டர் காணாமல் போனது, மனைவி பார்வதிக்குக் காமாலை கண்டது, முதிர வேண்டிய பாலிசி ஒன்று முதிராமல் போனது. மூன்றுக்கும் சேர்த்துக் காசு அளவு ஆமை பொறுப்பேற்றது. ஒரு வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமம் வைத்து, ஊசுட்டேரிக் கரையில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, தண்ணீரில் விட்டார். அப்படி விட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. அவரும் பார்க்கவில்லை. பட்டாணி அதனுடைய அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அபியிடம் சொன்னார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. கொன்றால் பாவம், வைத்திருந்தால் தரித்திரம் என்று ஊரே இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைஞ்சலுக்கு ஏரி வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கரையில் தேங்காய் மூடி சேர்ந்தது. விட்டவர்கள் புண்ணியத்தோடு வீடு திரும்பினார்கள். உள்ளே போனவை தின்றன. மீன் முட்டையைத் தின்றன, தவளைக் குஞ்சைத் தின்றன, நம் ஊர்ப் பால் ஆமைகள் காலங்காலமாக ஏறி வெயில் காய்ந்த கட்டைகளையெல்லாம் பிடித்துக்கொண்டன. வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடியது. இந்த ஜாதி ஆமைக்கு மண்ணில் சூடு அதிகமானால் முட்டையிலிருந்து பொரிப்பதெல்லாம் பெட்டையாகவே இருக்கும். பெட்டைகள் பெருகப் பெருக முட்டைகளும் பெருகின. ஒரு வருஷம் மழை வரவே இல்லை, இன்னொரு வருஷம் ஒரே நாளில் மொத்த மழையும் கொட்டி ஊரைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. புருஷோத்தமனுக்கோ ஏரியிலிருந்து வந்த நாள் முதலாகக் கால் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. சாப்பிடும்போதே எழுந்து போய்க் கேட்டைப் பூட்டினோமா என்று பார்ப்பார், பூட்டியதைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுவார். நாற்பது வயதில் வந்த பழக்கம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்படியே வருஷங்கள் போய், அபி படித்து முடித்து, முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள்.

பட்டாணி திரும்பி வந்த கோடையில் ஏரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. அது பத்துக்கண்ணு வழியாக ஏறி, மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டி, இந்திரா காந்தி சிலைப் பக்கம் சிக்னலில் நின்று, பச்சை விழுந்த பிறகு சாலையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. தண்ணீர் அதன் பின்னால் ஒரு முழ அகலத்தில் வந்ததாகவும், குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் புகார் கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். கூடத்துக்குள் வந்ததும் அது நேராக நீந்திப் போய் அபியின் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அபி ஆச்சரியப்படவில்லை. "அம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்திருக்குப்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். புருஷோத்தமன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பார்வதி இரண்டு நாளில் பழகிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்பை மேடைமேல் ஏற்றிவைத்து, தெருவில் எல்லோரும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது இருந்த இடத்திலேயே பாத்திரம் தேய்த்தாள். ஏரிதான் பழகவில்லை. காற்றே இல்லாத நேரத்தில் சுவரில் வந்து மோதியது. மின்விசிறியைப் போட்டால் ஒதுங்கியது, நிறுத்தினால் எழும்பியது. புருஷோத்தமனும் அதோடு சேர்ந்து சளப் சளப் என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். அவர் கவலை தண்ணீரைப் பற்றியதல்ல. அபிக்கு ஒரு வரன் அமைந்திருந்தது. உப்பளம் பகுதியில் இருக்கிற சுப்ராயன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய மகன் இளஞ்செழியன். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ பிடித்துவிட்டது, அபி போனில் பேசிவிட்டு அன்று முழுக்கத் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஆமை புகுந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அதிலும் இது ஆமை தனியாகப் புகுந்த வீடு இல்லை, ஏரியையும் கூட்டிக்கொண்டு புகுந்த வீடு.

அந்த வாரத்தில்தான் சபின் வந்தாள். தும்மாஸ் வீதிப் பெண். ஊசுட்டேரியில் ஆமைகளை ஆராய்ச்சி செய்து செய்து முகமெல்லாம் வெயிலில் கறுத்துப்போனவள். ஏரியில் ஆமைகள் குறைவதைக் கண்டு, ஓர் ஈரத்தடத்தைப் பிடித்தே சாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கூடத்தில் இறங்கி, பட்டாணியைத் திருப்பி வயிற்றைப் பார்த்து, பெட்டை என்றாள். அது கடல் தாண்டி வந்த ஜாதி என்றும், இங்கே அதற்கு எதிரி இல்லை என்றும் சொன்னாள். "அங்கிள், தயவுசெஞ்சு இத மறுபடி ஏரியில விட்டுறாதீங்க. இந்த ஜாதியெல்லாம் ஏரிய விட்டு ஏறிப் போயிடுச்சி. நடுவுல ஒரு குட்ட தண்ணிதான் மிச்சம். நம்ம பால் ஆமைங்க அதுலதான் ஒடுங்கிக் கெடக்குது. இது உள்ள போச்சின்னா அதுங்க கத முடிஞ்சிடும்." எத்தனை நாளைக்கு வைத்திருப்பது என்று புருஷோத்தமன் கேட்டார். முப்பது, நாற்பது வருஷம் இருக்கும் என்றாள் அவள். அவ்வளவு நீளமான பாலிசியை யார் தலையிலும் கட்டுவது கஷ்டம் என்பது அவருக்குத் தொழிலிலேயே தெரியும்.

சனிக்கிழமை காலை அபி பள்ளிக்கூடத்துக்குப் போனதும் பட்டாணியை ஒரு பெயின்ட் வாளியில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, ஸ்கூட்டரில் கால் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆமை போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும், கூடத்தைக் கழுவி விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. பார்வதி, "பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "அவளுக்காகத்தான் போறேன்" என்றார். அது உண்மைதான், அன்றைக்கும் அவர் அவளுக்காகத்தான் போயிருந்தார்.

கரையில் நிழல் இல்லை. வெடித்த மண்ணில் வெகுதூரம் நடந்த பிறகுதான் அந்தக் குட்டை வந்தது. ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் அளவு இருக்கலாம். மீன்கள் மூச்சுக்காக வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தன. அவற்றுக்கு நடுவில், பன்றி மூக்கு போல நீண்டு, நம் ஊர் ஆமைகளின் மூக்குகள் ஒவ்வொன்றாக எழும்பிக் காற்றைக் குடித்துவிட்டு அமிழ்ந்தன. அத்தனை பெரிய ஏரியில் மிஞ்சியது அவ்வளவுதான். புருஷோத்தமன் வாளியைத் தரையில் வைத்தார், தூக்கினார், மறுபடி வைத்தார். குட்டையின் மறுபக்கத்தில் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பார்த்த முகம். சம்பந்தி ஆகப்போகிறவர்.

சுப்ராயனும் அவரைக் கண்டுகொண்டார். சுற்றி நடந்து வந்து கையைக் கொடுத்து, "போன் ழூர், முசே. பறவ பாக்கலாம்னு வந்தேன்" என்றார். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. பிறகு, மரியாதையாகவே, வாளியில் என்ன என்று கேட்டார். குழம்பு மீன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் போய்விடுவார், போன பிறகு வாளியைக் கவிழ்த்திருக்கலாம். புருஷோத்தமன் துண்டை அவிழ்த்தார்.

"ஆமைங்க. எங்க வூட்டு ஆமை. வூட்டுக்குள்ள முழங்கால் தண்ணிக்கு ஏரியும் நிக்குது. இத இங்க விட்டுட்டு ஒங்ககிட்ட மறைச்சிடலாம்னுதான் வந்தேன். அன்னிக்கி தேங்கா ஒடச்சிட்டு திரும்பிப் பாக்காம போயிட்டேன். இன்னிக்கித்தான் பாக்கறேன். மனசு வரல. நாளைக்கி வர்றதுன்னா பேண்ட்ட சுருட்டிக்கிட்டு வாங்க. வேணாம்னா இங்கியே சொல்லிடுங்க, எம் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது. அபி போனை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கண்ணில் நின்றது. சுப்ராயன் திரும்பிப் போய் அந்த ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து, மூடியைத் திறந்தார். உள்ளே இன்னொரு சிவப்புக் கோடு தலையை நீட்டியது.

"எங்க வூட்டு சலோன்ல, கூடத்துல, கணுக்கால் அளவுதான்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "பையன் சின்ன வயசுல வளத்தது. எம் பொஞ்சாதி பயந்துட்டு கொண்டாந்து வுட்டா. போன வாரம் வந்து சோபாவுல ஏறி ஒக்காந்திருக்குது."

இருவரும் அவரவர் ஆமையோடு வீடு திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்காரர்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இறங்கினார்கள். பெண் பார்த்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், நாமக்கோழிக்கும் ஒரு துண்டு போட்டார்கள். வைகாசியில் கல்யாணம். சபினைக் கூப்பிட்டு இரண்டு ஆமையும் பெட்டைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே முகூர்த்தம் குறித்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் உப்பளத்திலும் சாரத்திலும் அதுவரை குழாய் கசிவு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்த பல வீடுகள் கதவைத் திறந்துவிட்டன. தண்ணீர் இருப்பதை மறைக்க வேண்டியிருந்ததால் யாரும் யாரையும் வீட்டுக்கு அழைக்காமல் இருந்த ஒரு கோடை அத்தோடு முடிந்தது. அடுத்த மழையில் ஊசுட்டேரி தானாகவே நிறைந்துகொள்ளும், அதற்குள் குட்டைக்குள் யாரும் எதையும் விடாமல் இருந்தால் போதும் என்று சபின் சொல்லியிருந்தாள். யாரும் விடவில்லை.

அபி புகுந்த வீட்டுக்குப் போன அன்று, காருக்குப் பின்னால் பட்டாணி இறங்கி நடந்தது. பட்டாணிக்குப் பின்னால் ஏரி எழுந்து போனது. கெண்டைகள், சேறு, நாமக்கோழி எல்லாம் காமராஜர் சாலையில் வரிசையாகப் போயின. அண்ணா சாலையில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். பெண்ணுக்குச் சீராக ஏரியையே கொடுத்த குடும்பம் என்று செல்வாம்பாள் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள். உப்பளத்தில் இரண்டு பங்கும் சேர்ந்து இப்போது இடுப்பளவு நிற்கிறதாம். சுப்ராயன் வீட்டு முன்கட்டில் ஒரு பரிசல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

சாரத்து வீட்டில் தரை காய்ந்துவிட்டது. புருஷோத்தமன் கேட்டபடிதான் ஆயிற்று. கூடத்தில் காலடிச் சத்தம் எதிரொலித்தது, அதைக் கேட்கப் பிடிக்காமல் அவர் பகலெல்லாம் வெளியே சுற்றினார். ஆனி பாதியில் ஒரு நாள் ஸ்கூட்டரில் செங்கல் ஏற்றிக்கொண்டு வந்து, புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைத் தனியாகவே சாய்த்து, நான்கு காலுக்கும் அடியில் அடுக்க ஆரம்பித்தார். பார்வதி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஆடிக்குப் பெண்ணை அழைக்க வேண்டாமா என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு செங்கல்லை எடுத்தார்.