அவசரக்குடுக்கையோடு ஓர் ஆட்டம்

ஈரப் பஞ்சை அக்காவின் உதட்டில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணைத் திறக்காமலே, "போனை எடுடா. கதைய எங்க விட்டோம்?" என்றாள்.

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. தம்பி என்று சொல்கிறோமே தவிர அவருக்கு வயது அறுபத்திரண்டு. கண்ணாடிக் கடையில் முப்பத்தைந்து வருடம் லென்ஸ் தேய்த்தவர். மனைவி இறந்த பிறகு, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தார். அந்த நாலு நாள் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கிளம்புகிறாய் என்று அக்காவும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டால் போய்விடுவானோ என்ற பயம் அவளுக்கும் இருந்திருக்கலாம்.

காலையில் வந்த நர்ஸ் மருந்தை மாற்றிவிட்டு, அவரை வாசல்வரை கூட்டிப்போய், "இனிமே பக்கத்துலயே இருங்க சார். கடை, கிடைன்னு எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். "பால்கூட வாங்கி வச்சுட்டேன்மா" என்றார் அவர். நர்ஸ் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி இருந்தால் நடக்க வேண்டியது நடக்காமல் போகும் என்கிற நப்பாசையில்தான் பாலைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்தார்.

போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அக்கா முப்பத்துமூன்று வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். நுரையீரல் மக்கர் செய்ய ஆரம்பித்து வீட்டோடு முடங்கியபோது, அவளிடம் ஓட்டப் பழகிய ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி வந்து போனில் இந்தப் பேசும் செயலியைப் போட்டுக்கொடுத்தாள். "எது கேட்டாலும் சொல்லும் டீச்சர்" என்றாள். அக்கா எதையும் கேட்கவில்லை. விளையாட வருகிறாயா என்று அதனிடமே கேட்டு, விதியையும் அவளே சொல்லிவிட்டாள். ஆளுக்கு ஒரு வரியாகக் கதை சொல்ல வேண்டும். கதையை யார் முடிக்கிறார்களோ அவர் தோற்றவர்.

கதை இதுதான். ஒருத்தி வேனில் ஒரு பீரோவை ஏற்றிக்கொண்டு, மேட்டின் உச்சியில் இருக்கும் பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் புறப்படுகிறாள். அவ்வளவுதான். இதில் முடிக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த யந்திரத்துக்கு ஒரு கதை பாதியில் தொங்கினால் தாங்காது. நாலாவது வரியிலேயே, 'வீட்டு விளக்கு அவளைப் புன்னகையுடன் வரவேற்றது; நீண்ட பயணம் இனிதே நிறைவடைந்தது' என்று எழுதிவிட்டது.

அக்கா கட்டிலில் கைதட்டிச் சிரித்தாள். "இன்னும் பெட்ரோலே போடல. அதுக்குள்ள இனிதே நிறைவடைஞ்சுருச்சாம்! தோத்தியா?"

'மன்னிக்கவும், அவசரப்பட்டுவிட்டேன். அந்த வரியை அழித்துவிட்டுத் தொடரலாமா?' என்றது அது. அன்றே அதற்கு அவசரக்குடுக்கை என்று பெயர் விழுந்தது. ஐந்து மாதத்தில் அது நாற்பத்தொரு தடவை தோற்றது. அக்கா ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. வீட்டை நெருங்கும்போதெல்லாம் பாதை மாறிவிடும், இல்லையென்றால் நம்பர் பலகை விழுந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் வேனுக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கும்.

தம்பிக்கு முதலில் பொறாமைதான். பக்கத்தில் ஒரு மனிதன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, இவள் போனோடு கொஞ்சுகிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன் அக்காவின் விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. அவள் சொல்லச் சொல்ல எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, வெறும் எழுதுகிற வேலைதான். அதிலேயே அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"பாலத்துல விட்டோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் படித்தார். "'பாலத்தின் நடுவே வேன் நின்றது. அவள் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள்.' இப்ப உன் முறை."

அக்காவின் மூச்சு வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி வந்தது.

"வீடு வந்துருச்சு" என்றாள்.

"என்னக்கா?"

"எழுதுடா. வீடு வந்துருச்சு. பீரோவ இறக்கிட்டா. முடிஞ்சுது."

தம்பியின் விரல் போனுக்கு மேலேயே நின்றது. பிறகு அவர், சின்ன வயதுக்குப் பிறகு அக்காவிடம் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். 'பாலத்தைத் தாண்டியதும் டயர் பஞ்சர்' என்று எழுதி அனுப்பினார்.

'அவள் மாற்றுச் சக்கரத்தை உருட்டி வந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் மாட்டியாக வேண்டும்' என்று பதில் வந்தது. ஐந்து மாதத்தில் இன்றைக்குத்தான் அது நிதானமாக இருந்தது. அவருக்கு அந்த யந்திரத்தின் மேல் முதல் முறையாகப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. குரலை உயர்த்திப் படித்தார்.

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"பஞ்சர்னு நான் சொன்னேனா?"

"சொன்னியேக்கா."

"என் வண்டி என்னைக்குடா பஞ்சராச்சு? உனக்குப் பொய் வராது. விட்டுடு."

"காது சரியா கேக்கல."

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பிரேக்குல இருந்து கால எடுடா."

ஆயிரம் பேருக்கு மேல் அவளிடம் ஓட்டக் கற்றிருக்கிறார்கள். மேட்டில் நிறுத்தினால் நடைபாதையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்து, முன்சக்கரத்தைச் சாலைப் பக்கம் திருப்பி வை, வண்டி பின்னால் உருளாது என்று ஒவ்வொருவரையும் திட்டித் திட்டியே பழக்கியிருந்தாள். கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் சொந்தத் தம்பி. ஆள் நடமாட்டமே இல்லாத வெட்டவெளியிலும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். மூன்றாம் நாள் அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ நடந்தே போப்பா சாமி" என்று கும்பிடு போட்டுவிட்டாள்.

அவர் போனை மடியில் வைத்தார். "எழுதினா நீ தோத்துருவ."

"தோத்துட்டுப் போறேன்."

"ஒரு தடவைகூட தோத்ததில்லையேக்கா."

"களைப்பா இருக்குடா. அவளுக்கும் இருக்கும்ல? அஞ்சு மாசமா ஓட்டுறா."

தம்பிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அவ வீடு போய்ச் சேர்ந்துட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? காலையில எந்திரிச்சதும் உன்கூட சண்டை போடணும். அத விட்டா எனக்கு என்ன தெரியும்? எனக்குன்னு யாருக்கா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கடைத்தெருவில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி அழுதார்.

அவளுடைய விரல் போர்வைமேல் கொஞ்சம் நகர்ந்தது. அவர் தன் கையை அதன் அடியில் கொண்டுபோய் வைத்தார்.

"மூக்கத் துடை" என்றாள். "போன்ல ஒழுகப் போகுது."

அவர் துடைத்தார். சட்டைக் கையிலேயே துடைத்தார். அவள் பார்த்துவிட்டுத் திட்டாமல் இருந்ததுதான் அவரை என்னவோ செய்தது. அந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் யாரிடமும் தோற்காத முகம், போதும் போதும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்த வரி என் முறை."

"உனக்கு ஏதுடா முறை?"

"சேத்துக்கோ. ஒரே ஒரு வரி."

அக்கா யோசித்தாள். "சரி, சொல்லு."

அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "சக்கரத்த மாட்டிட்டா. மழை வரல. மேடு ஏறி, பதினேழாம் நம்பர் வீட்டு முன்னால வந்து நின்னுட்டா. வீட்டுல இருந்தவங்க பீரோவ இறக்க ஓடி வந்தாங்க."

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"பத்தாது."

"நாலு பேரு" என்றார். சொன்ன பிறகுதான் அந்த நாலு பேர் யாரென்று அவருக்கே உறைத்தது. சமாளித்துக்கொண்டு, "நாலு பேரு இருக்காங்கக்கா. அலுங்காம இறக்கிட்டாங்க" என்றார்.

"கீறல்?"

"ஒரு கீறல் இல்ல."

"எஞ்சின நிறுத்தினாளா?"

"நிறுத்திட்டா. சாவியும் எடுத்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லக்கா. அவ படுத்துத் தூங்கட்டும். முற்றும்னு போட்டுடறேன்." போட்டு, அனுப்பியும்விட்டார். "முடிச்சது நான். தோத்தது நான். நீ ஜெயிச்சுட்ட."

அக்காவின் உதட்டோரம் அசைந்தது. "நீயும் ஒரு அவசரக்குடுக்கைதான்" என்றாள்.

குளிக்கப் போனாலும் ஒரு மணி நேரம், சட்டைக்குப் பொத்தான் போடக் கால் மணி நேரம் என்று வாழ்ந்தவரை அப்படிச் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. போன் இரண்டு தடவை ஒளிர்ந்து அணைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. சாயங்காலம் நாலரை மணி வாக்கில் மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்தது வரும் என்று காத்திருந்தார். வராது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டார்.

நர்ஸ் வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். "யாருக்காவது சொல்லணுமா சார்?"

"எங்களுக்கு யாரும் இல்லம்மா" என்றார். பிறகு நினைவு வந்து, ரொட்டிக் கடைக்காரிக்கு மட்டும் போன் செய்து சொன்னார். அவள், "இதோ வரேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்குள் வீட்டில் நாற்காலி போதவில்லை. மாவு படிந்த உடையோடு ரொட்டிக் கடைக்காரி வந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, நரைத்த தலையோடு ஒரு கணவனும் மனைவியும் என்று வந்துகொண்டே இருந்தார்கள். யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது. எல்லோரும் அவர் கையைப் பிடித்தார்கள். "என்னை ஏழு தடவை திட்டியிருக்காங்க சார்" என்றார் ஒருவர். "ஏழுதானா?" என்று தம்பி கேட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாகிவிட்டது.

யாரோ அவர் கையில் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் காற்றாட நில்லுங்கள் என்று வாசலுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அவர்கள் தெரு ஒரு சரிவு. வீட்டு வாசலிலிருந்து கீழே திருப்பம்வரை வரிசையாகக் கார்கள் நின்றன. எல்லாம் நடைபாதையிலிருந்து ஒரே அளவு தள்ளி, ஒரு சாண். எல்லாவற்றுக்கும் முன்சக்கரம் சாலைப் பக்கமாகத் திரும்பியிருந்தது. லென்ஸ் தேய்த்த கண்ணுக்கு மயிரிழை வித்தியாசமும் தப்பாது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். வித்தியாசம் இல்லை.

கீழே திருப்பத்தில் இன்னொரு கார் வந்தது. ஓட்டிவந்த அம்மாள் வரிசையின் கடைசியில் மெல்ல ஒதுக்கி, சக்கரத்தைத் திருப்பி நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு இறங்கினாள். அவள் மேடு ஏறி வந்து சேரும்வரை தம்பி வாசலிலேயே நின்றார்.