உமிச் சாம்பல்

மாமா பொன்னுரங்கம் தேனில் குழைத்துக்கொண்டிருந்தது உமிச் சாம்பல் என்று தெரிந்ததும் உதயாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை கிளியம்மாளுக்குக் கணையத்தில் புற்றுநோய். உமியிலிருந்து சிலிக்கான் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி, அதில் மருந்தேற்றிக் கட்டிக்கு அனுப்பும் தன் ஆராய்ச்சியைப் போன வாரம் மாமாவிடம் பெருமையாகச் சொன்னவள் உதயாதான். பொன்னுரங்கம் மறுநாளே கூடுவாஞ்சேரி ரைஸ்மில்லில் ஒரு மூட்டை உமி வாங்கிவந்து, ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் எரித்துவிட்டார்.

“மாமா, இது வெறும் சாம்பல். லேப்ல செய்றது வேற. அதையே இப்ப எலிக்குத்தான் போடுறோம்.”

“எலிக்குக் கேக்குதா?”

“கட்டி சுருங்குது.”

“அப்ப இவளுக்கு எப்ப குடுப்பீங்க?”

“பத்து வருஷம் ஆகலாம் மாமா.”

டாக்டர் அத்தைக்குச் சொல்லியிருந்தது மூன்று மாதம். பொன்னுரங்கம் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

“எலியா பொறந்திருந்தா தப்பிச்சிருப்பேன்,” என்று கட்டிலிலிருந்து சிரித்தாள் கிளியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் கிண்ணத்த இப்படிக் குடும்மா. அவரு பாக்கச் சொல்ல வாயில வச்சிக்கினு, அப்பால துப்பிடுறேன். சும்மா குந்திகினு என் மூஞ்சியவே பாத்துனு கீறாரு, தாங்கல.”

மாடிப்படியில் மாமாவின் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. உதயா கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.