பழைய வடிவத்தின் மேல் பழி

வடிவத்தில் குறை இல்லை. இதை இவனிடம் எப்படிச் சொல்வேன்? அதுவும் விவாகரத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரே அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது?

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் செயலியில் ஒரு சர்வர் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் செய்திகள், அவள் வடிவமைத்தபடி, கண்ணால் படிக்கக்கூடிய எழுத்தாகப் போய்வந்தன. அவன் கொண்டுவரும் புது வடிவம் பைனரி, இயந்திரம் மட்டுமே படிக்கும் எண்கள். சோதனையில் பல மடங்கு வேகம். பழையதைத் தூக்கிவிடலாம் என்ற அறிக்கையில் அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

"இன்னும் என்ன தோண்டுற? மலையக் கெல்லி எலியப் பிடிக்கப் போறியா?"

"பிடிச்சுட்டேன்," என்றாள். "புதுசுக்கு இணைப்பு ஒரு தடவை திறந்தா அப்படியே இருக்கு. பழசு ஒவ்வொரு கேள்விக்கும் புதுசா திறந்து, நீ யாரு, நான் யாருன்னு விசாரிச்சு, பதில் வந்ததும் மூடிடுது. நேரமெல்லாம் அதுலதான் போகுது. பழசுக்கும் இணைப்பைத் திறந்தே வச்சு ஓட்டினேன். ரெண்டுக்கும் வேகத்துல பெரிய வித்தியாசம் இல்ல."

ஒருமுறை சர்வர் திணறியபோது, தற்காலிகமாக என்று சொல்லி பழையதன் இணைப்பைத் திறந்தே வைக்கும் வசதியை அணைத்தவன் அவன்தான். பிறகு மறந்துவிட்டான்.

"அதை எழுதித்தான் ஆகணுமா? என் பதவி உயர்வே இதுலதான் தொங்குது. வடிவம்தான் மெதுன்னு ஒரு வரி போதும். அதுக்கென்ன வலிக்கவா போகுது?"

கோர்ட்டிலும் ஒரு வரிதான் எழுதினான். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவளும் கையெழுத்துப் போட்டாள். சேர்ந்து வாழ்ந்த நாட்களில், சாத்தியிருக்கும் அவன் அறைக்கதவை எந்தச் சின்னப் பேச்சுக்கும் தட்டி, "வேலையா இருக்கியா?" என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பதில் கிடைத்ததும் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். தன் சுபாவம்தான் சரியில்லை என்று இன்று காலைவரை நம்பியிருந்தாள்.

"அம்மா உன்னக் கேட்டாங்க," என்றான், குரலைத் தாழ்த்தி. "மருமக எப்படியிருக்கான்னு. இன்னும் அப்படித்தான் சொல்றாங்க."

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். அதை இப்போது பேனாவோடு சேர்த்து நீட்டுகிறான்.

அவள் அறிக்கையை அவன் பக்கமே நகர்த்தினாள்.

"அத்தைகிட்ட நல்லாயிருக்கேன்னு சொல்லு," என்றாள். "இந்தத் தடவை கையெழுத்துப் போட மாட்டேன்."